தபாலில் வந்த வாலிபால்

கொழும்பிலிருந்து கடிதம் வந்த அன்று என் கணவர் சுண்ணாம்புக் கையோடு வீட்டுக்கு வந்தார். கொள்ளிடக் கரைத் திடலில் வாலிபால் கோர்ட்டுக்குக் கோடு போட்டுவிட்டு வந்த கை. உறை அழுக்காகிவிடும் என்று என்னையே பிரித்துப் படிக்கச் சொன்னார். ஆங்கிலக் கடிதம். இலங்கை வாலிபால் குழுவுக்கு ஓராண்டு பயிற்சியாளராக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"யாரைக் கேக்கறாங்க?" என்றார்.

"உங்களைத்தான்."

"விலாசத்தைச் சரியாப் பாரு."

விலாசம் சரியாகத்தான் இருந்தது. ஸ்ரீரங்கம், உத்தர வீதி, எங்கள் வீட்டு எண், அவர் பெயர். பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை.

அப்போது அறுபதுகள் தொடங்கியிருந்தன. அவர் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நான் இன்னொரு பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கணக்கு டீச்சர். எங்களுக்குக் குழந்தைகள் பிறந்தது இதற்கெல்லாம் பிறகு. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவோம். மாலையில் நான் வீட்டுக்கு வருவேன். அவர் நேரே திடலுக்குப் போய்விடுவார். வாலிபால் என்றால், என் கணவரை இருட்டும் வரை வீட்டுக்கு அனுப்பாத ஒரு பந்து என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

திடலில் அவரிடம் ஒரு கிளப் இருந்தது. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். கேப்டன் பொன்மலை ரயில்வே பட்டறையில் வெல்டர். கண்ணாடி போட்டு நெருப்பைப் பார்த்துப் பழகியவர், எதற்கும் பதற மாட்டார். உயரமான ஆள் ஒருவர் இருந்தார். சொந்த ஊர் மருங்காபுரி. எடமலைப்பட்டி புதூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கிருந்து ஸ்ரீரங்கம் வரை தினமும் சைக்கிள் மிதித்து வருவார். மூன்றாவது ஆள் ஜவுளிக்கடைக்காரர். குட்டையானவர். நாள் முழுக்கப் புடவைகளை எடுத்து விரித்து மடித்துப் போட்டதில் அவருக்குக் கை மின்னல்.

முந்தைய ஆண்டு இலங்கைக் குழு ஒன்று திருச்சி வழியாகப் போனபோது, பொழுதுபோக்காக எங்கள் கிளப்போடு ஓர் ஆட்டம் ஆடியது. அவர்கள் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு மூன்று செட்டும் ஜெயித்தார்கள். அந்தக் குழுவின் மேனேஜர் ஆட்டத்தைப் பார்க்காமல் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன் விளைவுதான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கார மாமி மறுநாளே கேட்டுவிட்டார். "என்னடி டீச்சர், உன் ஆத்துக்காரர் சமுத்திரம் தாண்டிப் போறாராமே. பந்து அடிக்கச் சொல்லிக்குடுக்கவா? அதை அவாளுக்கு அங்கே யாரும் சொல்லிக்குடுக்க மாட்டாளா?"

"மாட்டாங்க போல மாமி" என்றேன். அதற்கு மேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்கள். திருச்சி ஜங்ஷனில் போட் மெயில் ஏறினார். தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். கிளப் முழுக்க வழியனுப்ப வந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கேப்டனிடம் கடைசி நிமிஷம் வரை பிராக்டிஸைப் பற்றியே பேசினார். வண்டி நகர்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இரண்டு தாள். ஒன்று எனக்கு, இன்னொன்று கிளப்புக்கு. அவர் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். நாலு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு எனக்கு மட்டும் அது படிக்க வரும். கேப்டன் வீட்டு வாசலில் நின்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் நீங்களே வந்து படிச்சுக் காட்டிடுங்களேன். எங்களுக்கு இது ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கு."

அப்படித்தான் நான் முதல் தடவை திடலுக்குப் போனேன். தென்னந்தோப்பை ஒட்டி ஒரு வலை, அதைச் சுற்றி வியர்த்துப்போன ஆண்கள். நான் ஓரமாக நின்று, வகுப்பில் டிக்டேஷன் சொல்வதுபோலப் படித்தேன். "எதிரி சர்வீஸை விரல் நுனியில் வாங்கக் கூடாது. இரண்டு கையையும் நீட்டிச் சேர்த்து, மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைக்குக் கீழே பந்து விழ வேண்டும். இங்கே வந்த ஜப்பான்காரர்கள் அப்படித்தான் வாங்கினார்கள். எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து பூப்போல எழும்புகிறது."

யாருக்கும் நம்பிக்கையில்லை. அதுவரை பந்தைத் தலைக்கு மேலே விரல்களில் வாங்கித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

"டீச்சர், நல்லாப் பாருங்க" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "கட்டையைத் தூக்கிட்டுப் போற மாதிரி நிக்கச் சொல்லியா போட்டிருக்கு?"

"அப்படித்தாங்க போட்டிருக்கு. படமும் வரைஞ்சிருக்கார்."

படத்தைப் பார்த்தார்கள். அதில் ஒரு மனிதன் இருந்தானா, நண்டு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. நானே கையை நீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் முன்கை சிவந்து தடித்துப்போனது. இரண்டாவது வாரம், வெல்டர் போட்ட வேகமான சர்வீஸ் ஜவுளிக்கடைக்காரரின் கைகளில் பட்டு, நிஜமாகவே பூப்போல எழும்பியது. இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

அதன் பிறகு கடிதம் வந்த நாளில் மட்டும் போவது என்பது மாறி, வாரத்தில் மூன்று நான்கு நாள் போக ஆரம்பித்தேன். பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நாளில் தாள் மடியிலேயே கிடக்கும். கண் வலை மேல் இருக்கும்.

எனக்கான தாளில் கொழும்புக் கதை வரும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க டிரில் ஆங்கிலம். அட்டென்ஷன், அபவுட் டர்ன், ஸ்டாண்ட் அட் ஈஸ். அதை வைத்துக்கொண்டு ஸ்மாஷ் அடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். அதனால் தமிழிலேயே எண்ணிக்கை சொன்னாராம். லிஃப்ட் போடுகிறவர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், கையை விட்டுப் பந்து மேலே எழும்பியதும் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் குதிக்க வேண்டும். ஒரு மாதத்தில் குழு முழுக்க "ஒண்ணு, ரெண்டு" சொல்லக் கற்றுக்கொண்டது. "எனக்கு இன்னும் சிங்களத்தில் சோறும் தண்ணீரும் தவிர எதுவும் வரவில்லை. ஆனால் அவர்கள் தமிழில் பத்து வரை எண்ணுகிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

எல்லாக் கடிதமும் அப்படியில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்றோடு முதல் போட்டியில் மூன்று செட்டும் தோற்ற பிறகு ஒன்று எழுதினார். "என்னைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று பேசிக்கொள்கிறார்களாம். அனுப்பினால் வந்துவிடுகிறேன். கோடு போட ஆள் வேண்டுமே." கிளப்புக்கான தாளில் அன்று வழக்கத்தைவிடக் குறைவாக எழுதியிருந்தார். அடுத்த மாதம் இன்னொரு குழுவை ஐந்தாவது செட்டில் ஜெயித்துவிட்டார்கள். பேச்சு நின்றுபோனது.

இதற்கிடையில் நான் ஒரு பழைய மார்க் நோட்டில் குறிக்க ஆரம்பித்திருந்தேன். எந்தப் பந்து யாரிடம், எப்படித் தொலைந்தது என்று. கணக்கு டீச்சர் சும்மா உட்கார்ந்தால் வேறென்ன செய்வாள்? ஒரு மாதக் குறிப்பைப் பார்த்தபோது, மருங்காபுரிக்காரர் அடித்த பந்துகளில் பாதி வலையில்தான் விழுந்திருந்தன. அவர் சீக்கிரமே குதித்துவிடுகிறார். பந்து வரும்போது ஆள் இறங்கிக்கொண்டிருப்பார். சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவர் பெண்களிடம் பேசினால் வலையைப் பார்த்துத்தான் பேசுவார்.

"தப்பா நெனைக்காதீங்க. லிஃப்ட் வந்ததும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டுக் குதிச்சுப் பாருங்களேன்."

அவர் வலையைப் பார்த்தார். "மனசுக்குள்ள வராதுங்க. சத்தமா எண்ணலாங்களா?"

"எண்ணுங்க."

அன்றைக்குப் பிறகு கொள்ளிடக் கரையில் "ஒண்ணு, ரெண்டு" என்ற குரலும், தொடர்ந்து பந்து தரையில் அறையும் சத்தமும் தோப்பைத் தாண்டிக் கேட்கும்.

ஓராண்டு முடியும் நேரத்தில், இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. குழுவோடு தென்னிந்தியாவுக்கு வருகிறார்கள். திருச்சியில் ஓர் ஆட்டம். எதிரே ஆடப்போவது எங்கள் கிளப்.

கேப்டன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப மாஸ்டர் அந்தப் பக்கம் உக்காருவாரு" என்றார். "நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?"

அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

"லெட்டர் எந்தப் பக்கம் வந்துச்சோ அந்தப் பக்கம்" என்றேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். குழு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியது. கோச்சும் அங்கேதான் தங்க வேண்டும் என்பது மேனேஜரின் கட்டளை. எதிராளி முகாம் அவர் வீட்டில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போக அனுமதி. அதுவும் துணைக்கு ஓர் ஆளோடு. தமிழ் தெரிந்தவராகப் பார்த்து, குழுவில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்டக்காரர் ஒருவரை மேனேஜர் அனுப்பியிருந்தார்.

ஓராண்டுக்குப் பிறகு வாசலில் என் கணவரைப் பார்க்கிறேன். கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தார். முன்கையில் சதை போட்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஒற்றர். இருவருக்கும் இலை போட்டேன்.

யாழ்ப்பாணத்தவர் உட்கார்ந்ததும் சொன்னார். "நீங்கள் கதையுங்கோ அக்கா. நான் சாப்பிடுறன். எனக்கு ஒண்டும் கேக்கேல்ல."

வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பசங்க எப்படி ஆடறாங்க?" என்றார் என் கணவர், இலையைப் பார்த்தபடி.

"நாளைக்குப் பாருங்க."

"அந்த மருங்காபுரி ஆளு இன்னும் சீக்கிரம் குதிக்கிறானா?"

"ரசம் ஊத்தவா?"

தலை நிமிர்ந்து பார்த்தார். இந்த மாதிரி நான் அவரிடம் மறைத்துப் பேசியது அதுவரை இல்லை. கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் நாலு மணிக்கு, கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம். மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். நான் மார்க் நோட்டோடு கிளப்பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சட்டையில் பேட்ஜ் குத்திய ஏற்பாட்டாளர் ஒருவர் வேகமாக வந்தார்.

"அம்மா, லேடீஸுக்கு அந்தப் பக்கம் சேர் போட்டிருக்கு."

நான் எழுந்துவிட்டேன். பழக்கம். விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்த கேப்டன், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "அவங்கதான் சார் எங்க கோச்."

ஏற்பாட்டாளர் என்னைப் பார்த்தார், எதிர்ப் பெஞ்சில் இருந்த என் கணவரைப் பார்த்தார், போய்விட்டார். எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து, உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உட்கார்ந்துகொண்டேன்.

முதல் செட் பரிதாபம். மருங்காபுரிக்காரர் எழும்பும்போதெல்லாம் எதிரே நாலு கை சுவர் மாதிரி நின்றது. அடிக்கிற பந்து அப்படியே எங்கள் பக்கம் விழுந்தது. பதினைந்துக்கு ஆறு. இரண்டாவது செட்டிலும் அதே கதை. எப்படி இவ்வளவு சரியாகக் குதிக்கிறார்கள் என்று நோட்டில் தேடினேன். நோட்டில் இல்லை. காதில் இருந்தது. நம் ஆள் "ஒண்ணு" என்கிறார். எதிர்ப்பக்கம் முழங்கால் மடங்குகிறது. "ரெண்டு" என்கிறார். எல்லோரும் சேர்ந்து எழும்புகிறார்கள். என் கணவர் கொழும்பில் கற்றுக்கொடுத்த தமிழ்.

எதிர்ப் பெஞ்சில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செட்டும் போன பிறகு எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். மருங்காபுரிக்காரருக்கு முகம் செத்துப்போயிருந்தது. "இனிமே எண்ணலீங்க" என்றார்.

"இல்லைங்க, நல்லா எண்ணுங்க. இன்னும் சத்தமா எண்ணுங்க. குதிங்க. ஆனா பந்து உங்களுக்கு வராது."

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. லிஃப்ட் போடுகிறவர் அவர்தான். மூன்றாவது செட்டில் மருங்காபுரிக்காரர் மைதானம் அதிர எண்ணிக்கொண்டு எழும்பினார். இலங்கைச் சுவரும் எழும்பியது. கேப்டன் பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிவிட்டார். அங்கே ஜவுளிக்கடைக்காரர் தனியாக, எதிரே ஒரு கையும் இல்லாமல், புடவையை உதறுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். கூட்டம் சிரித்த சிரிப்பில் நடுவர் விசிலே கேட்கவில்லை.

என் கணவரின் சிரிப்பு நின்றது. எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றாவது செட் எங்களுக்கு. நாலாவதும் எங்களுக்கு. எப்போதாவது ஒரு தடவை மருங்காபுரிக்காரருக்கே பந்தைக் கொடுத்தோம். அதனால் எண்ணிக்கையை நம்புவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகும். ஐந்தாவது செட் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று வந்து நின்றபோது என் உள்ளங்கை நனைந்து நோட்டில் மை ஊறிவிட்டது.

அப்போது அவர் ஆட்டத்தை நிறுத்தி, தன் ஆட்களைக் கூப்பிட்டார். காதைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு தன் முதுகைத் திருப்பி, இடுப்புக்கு மேலே தட்டிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைக்குப் பின்னால் பந்து போட வேண்டுமென்றால் கேப்டன் முதுகைக் கொஞ்சம் வளைத்தாக வேண்டும். ஓராண்டாகத் திடலில் பார்த்த நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த இரண்டு பந்தும் ஜவுளிக்கடைக்காரர் எதிரே நாலு கை. பதினைந்துக்குப் பதின்மூன்று. தோற்றோம்.

கேப்டன்கள் கை குலுக்கினார்கள். பிறகு கோச்சுகள் குலுக்குவது வழக்கம். என் கணவர் பழக்கத்தில் வலைக்கு அடியில் குனிந்து வந்து என்னிடம் கையை நீட்டிவிட்டார். அறுபதுகளின் திருச்சியில் பெண்டாட்டியோடு நாலு பேர் நடுவில் கை குலுக்குவதா? நான் கை கூப்பிக் கும்பிட்டேன். அவரும் நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டார். மரத்து மேலிருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அடுத்த நாள் குழு மதுரைக்குப் புறப்பட்டது. ஜங்ஷனில் அவரோடு தனியாகப் பேச இருபது நிமிஷம் கிடைத்தது. மேனேஜர் நாகரிகமாகத் தள்ளி நின்றார்.

"அந்தப் பின்னால போடறது என் லெட்டர்ல எதுலயும் இல்லையே."

"இல்லைங்க."

"அங்கேயே யோசிச்சதா?"

"ரெண்டாவது செட் முடிஞ்சப்ப."

கையால் காற்றில் ஒரு லிஃப்ட் போட்டுப் பார்த்தார். "பதின்மூணுல மறுபடியும் அதையே குடுத்திருக்கக் கூடாது. நேரா உயரக்காரனுக்குக் குடுத்திருந்தா நான் காலி."

"அது நேத்து ராத்திரி படுத்தப்புறம்தான் புரிஞ்சுது."

"எல்லாருக்கும் அப்பதான் புரியும்" என்றார். ஒரு கோச் இன்னொரு கோச்சிடம் பேசுகிற குரல் அது. ஐந்தாவது செட்டையே வண்டி வரும்வரை பேசினோம். என் உடம்பு எப்படி இருக்கிறது, தான் அனுப்புகிற பணம் வந்து சேருகிறதா, மாமி வாடகை ஏற்றினாரா என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. வருத்தமாக இருக்க வேண்டிய விஷயம். இருக்கவில்லை.

கொழும்பில் இரண்டாம் ஆண்டும் முடிந்ததும் மலாயாவிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கேயும் இரண்டு ஆண்டு. கடிதம் வர நாளானது. கிளப்புக்கான தாளில் இப்போது கேள்விகள் அதிகம் இருந்தன. உயரமான குழுவை எதிர்த்தால் நீ என்ன செய்வாய், இடதுகைக்காரனை எங்கே நிறுத்துவாய் என்று. நான் பதில் எழுதினேன். சில பதில்களை அங்கே செய்து பார்த்ததாக எழுதினார். ஒன்று படுதோல்வி என்றும் எழுதினார்.

என் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஒருநாள் கூப்பிட்டு, ஊரெல்லாம் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், நம் பெண்களுக்கு எப்போது என்று கேட்டார். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். நாலு பேர் வீட்டில் முன்கை சிவந்ததைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார்கள். மூன்று பேரைச் சமாதானப்படுத்தினேன். ஒருத்தி நின்றுவிட்டாள். இருந்தவர்களை வைத்து அந்த வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை ஜெயித்தோம்.

மலாயாவிலிருந்து திரும்பி வந்த வாரம் அவர் கேட்டார். "உன் பொண்ணுங்க ஆடறதைப் பாக்க வரலாமா?"

"வாங்க. ஆனா வாயைத் தெறக்கக் கூடாது."

"ஏன் தெறக்கறேன்?"

வேப்ப மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் நல்ல பிள்ளையாக இருந்தார். பிறகு ஒரு பெண் விரல் நுனியில் சர்வீஸை வாங்கினாள்.

"கையை நீட்டு. ரெண்டையும் சேத்து நீட்டு" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். "யாரு டீச்சர் அவரு?" என்று கேட்டாள் அவர்களுடைய கேப்டன்.

"ஒரு டிரில் மாஸ்டர்" என்றேன். "நீ சர்வீஸைப் போடு."